திருகோணமலை ஏன் வெள்ளையாக இருக்கிறது

கோணேசபுரிப் பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கும் ஒரு பிள்ளை என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். டிசம்பர் முதலாந் திகதி எயிட்ஸ் தினக் கண்காட்சிக்காக அவர் இரண்டு வரைபடத் தொடர்களைத் தயாரிக்கிறார். ஒன்று தமிழ்நாடு, மற்றது இலங்கை. இரண்டையும் மாவட்டம் மாவட்டமாக, ஆண்டு ஆண்டாக நிறம் தீட்டியிருக்கிறார். அவர் கேட்டது இதுதான்: "தமிழ்நாட்டில் சிவப்பு வரவர வெளிறிக்கொண்டு போகுது ஐயா. இலங்கையில் கொழும்பும் கம்பஹாவும் கறுத்துக்கொண்டு வருகுது. எங்கட மாவட்டம் தொடக்கத்தில இருந்து கடைசி வரைக்கும் கிட்டத்தட்ட வெள்ளை. தமிழ்நாட்டில் எச்.ஐ.வி. குறையுது, இலங்கையில் கூடுது, திருகோணமலையில் இல்லை என்று எழுதலாமா?"

எழுத வேண்டாம், பிள்ளை. முதல் இரண்டு வசனங்களைத் திருத்தி எழுதலாம். மூன்றாவதை எழுதவே கூடாது. ஏன் என்று சொல்ல இடம் கொஞ்சம் கூட எடுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். முப்பது வருஷத்துக்கு மேல் ஆய்வுகூடத்தில் இரத்தக் குழாய்களோடு இருந்தவன் நான். அந்தக் குழாய் எங்கிருந்து வருகிறது, ஏன் வருகிறது, ஏன் வராமல் போகிறது என்று தெரிந்த ஆளுக்கு இந்த வரைபடங்கள் வேறு மாதிரித் தெரியும்.

உங்கள் கையில் இருப்பது தொற்றின் வரைபடம் இல்லை. தொற்று கண்டுபிடிக்கப்பட்ட இடங்களின் வரைபடம். ஒருவருடைய உடம்புக்குள் வைரஸ் போன நாள் ஒன்று. அவர் இரத்தம் கொடுத்து முடிவு தெரிந்த நாள் இன்னொன்று. அந்த முடிவு கொழும்புக்குப் போய் ஆண்டறிக்கையில் ஏறிய நாள் மூன்றாவது. டெங்கு என்றால் இந்த மூன்றுக்கும் இடையில் இரண்டு மூன்று கிழமைதான். அதனால்தான் டெங்கு வரைபடத்தைப் பார்த்துவிட்டு பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) அடுத்த நாளே புகை அடிக்கப் போகலாம். எச்.ஐ.வி. அப்படியில்லை. மருந்து எடுக்காத ஒருவருக்கு நோய்க்குறிகள் கடுமையாக வெளிப்படச் சராசரியாக எட்டுப் பத்து வருஷம் ஆகும். அதுவரை அவர் கடலுக்குப் போவார், வயலுக்குப் போவார், கல்யாணம் முடிப்பார். 2015இல் தொற்றிய ஒருவர் 2023ஆம் ஆண்டின் புள்ளியாக உங்கள் வரைபடத்தில் விழுவார். வானத்தில் தெரியும் நட்சத்திர வெளிச்சம் மாதிரி, நீங்கள் பார்ப்பது பழைய காலத்தை. அந்தப் பழைய காலமும் ஒரே காலம் இல்லை. ஒரு புள்ளி போன மாதத்து, பக்கத்துப் புள்ளி பத்து வருஷத்துக்கு முந்தியது. இரண்டும் ஒரே நிறத்தில் இருக்கும்.

தமிழ்நாட்டுத் தொடரில் இருந்து தொடங்குவோம். வெள்ளை என்றால் என்ன என்பதை அதுதான் நன்றாகச் சொல்லித் தருகிறது.

எயிட்ஸ் என்று பின்னர் பெயர் பெற்ற நோய் பற்றிய முதல் மருத்துவக் குறிப்பு 1981 ஜூனில் அமெரிக்காவில் வந்தது. வைரஸைப் பாரிஸ் நகரத்து பாஸ்டர் நிறுவனத்தில் 1983இல் பிரித்தெடுத்தார்கள். இரத்தத்தைச் சோதிக்கும் எலைசா முறை 1985இல் பாவனைக்கு வந்தது. அந்தக் காலம் முழுக்க இந்திய வரைபடம் தூய வெள்ளை. இது மேல்நாட்டு வருத்தம், எங்களுக்கு வராது என்று படித்தவர்களே பேசினார்கள். சென்னையில் வைத்தியர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் அதை அப்படியே நம்பிக்கொண்டு இருக்கவில்லை. பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் இருந்து இரத்தம் சேகரித்து, சோதிக்கும் வசதி வேலூரில் இருந்தபடியால் அங்கே கொண்டுபோய்ச் சோதித்தார்கள். 1986இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுக்கள் அப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தன. தமிழ்நாடு அன்றைக்குச் சிவப்பானது அங்கே தொற்று கூடியதனால் இல்லை. ஒரு மாணவி குழாய்களோடு வேலூருக்குப் போனதனால். அவர் போகாமல் விட்டிருந்தால் அந்த வெள்ளை இன்னும் சில வருஷம் நீடித்திருக்கும், வைரஸ் தன் பாட்டில் பரவிக்கொண்டிருக்கும்.

பிறகு அங்கே கண்காணிப்பு ஒழுங்கானது. மாநில எயிட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தைத் தமிழ்நாடு 1994இலேயே அமைத்தது. 1998இல் இருந்து இந்தியா முழுக்க வருஷா வருஷம் காவல் கண்காணிப்பு என்ற முறை நடந்தது. ஊர் முழுக்க எல்லாரையும் சோதிக்க முடியாது. அதனால் குறித்த சில இடங்களை எடுத்துக்கொள்வார்கள்: கர்ப்பிணித் தாய்மார் வரும் கிளினிக், பாலியல் நோய் கிளினிக், பிறகு லொறிச் சாரதிகள், பாலியல் தொழிலில் இருப்பவர்கள், போதை ஊசி ஏற்றுபவர்கள் கூடும் இடங்கள். ஒவ்வொரு வருஷமும் அதே மாதங்களில், அதே இடங்களில், குறித்த எண்ணிக்கையான ஆட்களின் இரத்தம். வேறு ஒரு சோதனைக்காக எடுத்த இரத்தத்தின் மிச்சத்தைப் பெயரை நீக்கிவிட்டுச் சோதிப்பார்கள். யாருடையது என்று சோதிப்பவருக்கே தெரியாது. சோதனைக்கு யார் துணிந்து வந்தார், யார் வெட்கப்பட்டு நின்றார் என்ற கேள்வி இதில் எழாது. அதுதான் இந்த முறையின் பெறுமதி. லொறித் தொழிலுக்குப் பெயர்போன நாமக்கல்லில் கர்ப்பிணிகளிடையே தொற்று மற்ற மாவட்டங்களைவிட உயர்ந்து இருந்தது இப்படித்தான் தெரியவந்தது.

ஆனால் அதிலும் ஒரு பிழை ஒளிந்திருந்தது. நீங்கள் 2005, 2006, 2007 வரைபடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சிவப்பு திடீரென்று பாதியாக வெளிறுவதைப் பார்ப்பீர்கள். இந்தியாவில் சுமார் 52 இலட்சம் பேர் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் 2007 ஜூலையில் அதை ஏறக்குறைய 25 இலட்சம் என்று திருத்தினார்கள். இருபத்தைந்து இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் எங்கே போனார்கள்? எங்கும் போகவில்லை. அவர்கள் இருந்ததே இல்லை. அரச வைத்தியசாலைகளின் கிளினிக்கில் எடுத்த கணக்கை ஊர் முழுக்க விரித்திருந்தார்கள். தனியார் வைத்தியசாலைகளோ தொற்று இருக்கிறது, அல்லது இருக்கலாம் என்று தெரிந்த தாய்மாரை அரச வைத்தியசாலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. ஆகவே அந்தக் கிளினிக்குகளில் தொற்று ஊரில் உள்ளதைவிடக் கூடவே தெரிந்தது. ஆந்திராவின் குண்டூர் மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு போய்ச் சோதித்த ஆய்வில் இது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. 2005-06இல் தேசிய குடும்பநல ஆய்வில் முதன்முறையாக வீடுகளில் இரத்தம் எடுத்தார்கள். தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 0.34 வீதம் என்று வந்தது. கூடவே கண்காணிப்பு நிலையங்களின் மொத்தத் தொகையையும் ஆயிரத்தைத் தாண்டும்படி கூட்டினார்கள். முறை மாறியது, தொகை மாறியது. அந்த வருஷத்து வெளிறலை நீங்கள் நோயின் வீழ்ச்சியாகக் காட்டினால் பார்க்கும் பிள்ளைகளுக்குத் தப்பான பாடம் சொல்லிக்கொடுத்தவர் ஆவீர்கள். அந்த இடத்தில் ஒரு கோடு கீறி, "இங்கிருந்து கணக்கிடும் முறை வேறு" என்று கட்டாயம் எழுதுங்கள்.

அப்படியானால் தமிழ்நாட்டில் உண்மையாகவே குறையவில்லையா? குறைந்தது. அதைக் காட்டிய வழி எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. 15 முதல் 24 வயது வரையான கர்ப்பிணிகளை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தார்கள். நாற்பது வயதுக்காரரிடம் தொற்று இருந்தால் அது எப்போது வந்தது என்று சொல்ல முடியாது. இருபது வயதுப் பெண்ணிடம் இருந்தால் அது கடந்த சில வருஷத்துக்குள் வந்ததாகத்தான் இருக்க வேண்டும். இளம் வயது தானே ஒரு கடிகாரம். தென்மாநிலங்களில் அந்த வயதுத் தாய்மாரிடையே 2000இல் 1.7 வீதமாக இருந்தது 2004இல் 1.1 வீதமாக இறங்கியிருந்தது. இந்தச் சோதனை முறையும் கிளினிக்குகளும் இரண்டு வருஷத்திலும் ஒன்றேதான். கிளினிக் கணக்கு ஊரைவிட உயர்ந்தது என்றாலும் அது இரண்டு வருஷத்திலும் ஒரே மாதிரித்தான் உயர்ந்திருக்கும். மட்டம் பிழையாக இருக்கலாம், சரிவு மெய். இதைப் பிடித்துக்கொண்டால் பாதிப் புள்ளிவிபரச் சண்டைகள் உங்களைக் குழப்பாது.

இன்னொரு சிக்கல், இது எல்லாரும் சறுக்கும் இடம். எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களின் தொகை கூடுவது எப்போதும் கெட்ட செய்தி இல்லை. 2004 ஏப்ரலில் இந்தியா மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. அந்த வருஷக் கடைசியில் இலங்கையிலும் இலவச மருந்து வந்தது. மருந்து ஒழுங்காக எடுப்பவர் சாவதில்லை, எங்களைப் போல முதுமை வரை இருப்பார். இரத்தத்தில் வைரஸ் காணமுடியாத அளவுக்கு அடங்கிவிட்டால் உடலுறவினால் அவரிடம் இருந்து மற்றவருக்குப் பரவுவதும் இல்லை. ஆகவே வருஷத்துக்கு வரும் புதுத் தொற்றுகள் முன்னையதைவிடக் கூடாமலே, சாவு குறைந்ததால் மட்டும், மொத்தத் தொகை வருஷா வருஷம் ஏறலாம். புதிதாகத் தொற்றியவர் எத்தனை, மொத்தமாக வாழ்பவர் எத்தனை, புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவர் எத்தனை என்ற மூன்றும் மூன்று கணக்கு. உங்கள் தமிழ்நாட்டுத் தொடர் இரண்டாவது வகை. இலங்கைத் தொடர் மூன்றாவது வகை. இரண்டையும் ஒரே சிவப்பில் தீட்டிப் பக்கத்தில் மாட்டினால் ஒப்பிடக் கூடாததை ஒப்பிடச் சொல்கிறீர்கள். வேறு வேறு நிறம் கொடுங்கள்.

இனி எங்கள் நாட்டுக்கு வருவோம். தொற்றுடைய முதல் இலங்கையர் 1987இல் கண்டறியப்பட்டார். நாட்டுக்குள்ளேயே பரவிய முதல் தொற்று 1989இல் பதிவானது. 1993இல் இருந்து இங்கேயும் காவல் கண்காணிப்பு நடக்கிறது. வயது வந்தவர்களில் 0.1 வீதத்துக்கும் குறைவானவர்களுக்கே தொற்று என்பதுதான் இன்றுவரை மதிப்பீடு. குறைந்த பரவல் உள்ள நாடு நாங்கள். அதில் சந்தேகம் இல்லை, பெருமைப்படவும் செய்யலாம். 2019 டிசம்பரில், தாயிடம் இருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் பரவுவதை இலங்கை ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. அந்தச் சான்றிதழுக்குக் கர்ப்பிணித் தாய்மாரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேராவது சோதிக்கப்பட வேண்டும். இங்கே எங்கள் குடும்பநல மாதுக்கள் வெயிலிலும் மழையிலும் வீடு வீடாகப் போய் அம்மாமாரைக் கிளினிக்குக்குக் கூட்டி வந்ததன் பலன் அது. உங்கள் வரைபடத்தில் நாடு முழுக்க ஒரே அளவுகோலால் அளக்கப்பட்ட கூட்டம் என்று ஒன்று உண்டென்றால் அது கர்ப்பிணித் தாய்மார்தான். திருகோணமலையின் வெள்ளையில் ஓரளவு நம்பக்கூடிய பகுதியும் அதுவே.

மற்றவர்களின் கதை அப்படியில்லை. ஆண்டு வாரியாகப் புதிதாகப் பதிவானவர்களைப் பாருங்கள்: 2019இல் 439, 2020இல் 363, 2021இல் 411, 2022இல் 607. 2020இல் நோய் குறைந்ததா? அந்த வருஷம் மார்ச்சில் ஊரடங்கு போட்டு எல்லாரும் வீட்டுக்குள் இருந்தோம். கிளினிக்குக்குப் போக பஸ் இல்லை. ஆய்வுகூடங்கள் எல்லாம் கொரோனாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. அந்த வருஷத்துப் புள்ளிகளில் ஒரு பங்கு அடுத்த வருஷங்களுக்குத் தள்ளிப் போயிருக்கிறது. ஆகவே 2022இன் பாய்ச்சலில் பழைய நிலுவை உண்டு, சோதனை கூடியதன் பங்கு உண்டு, உண்மையான புதிய பரவலும் உண்டு. மூன்றும் எவ்வளவு எவ்வளவு என்று அந்த ஒற்றை எண்ணைப் பார்த்துப் பிரிக்க முடியாது. ஆனால் இளம் ஆண்களிடையே பதிவுகள் கூடி வருவதை நான் கவலையோடுதான் பார்க்கிறேன். முன்னே சொன்ன வயதுக் கடிகாரம் இங்கேயும் பேசுகிறது. இருபது இருபத்திரண்டு வயதுப் பையனில் காணும் தொற்று பழையதாக இருக்க வழியில்லை.

பழைய வருஷங்களின் வரைபடத்தில் இன்னொரு கோணல் உண்டு. அந்தக் காலத்துப் பதிவுகளில் பெண்களின் பங்கு இப்போதையதைவிட அதிகம், அதிலும் மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணிக்குப் போய் வந்த பெண்கள் கணிசமானவர்கள். அதைப் பார்த்துவிட்டு வெளிநாட்டுக்குப் போன பெண்கள்தான் நோயைக் கொண்டு வருகிறார்கள் என்று எங்கள் ஊர்களிலும் கதைத்தார்கள். மூதூரிலும் கிண்ணியாவிலும் அந்தக் கதையால் எத்தனை பெண்கள் குறுகிப் போனார்கள் என்று நினைத்தால் இன்றைக்கும் கோபம் வரும். குவைத்துக்கோ சவூதிக்கோ போகிற பெண்ணுக்குப் போகமுன் இரத்தப் பரிசோதனை கட்டாயம், அங்கே இறங்கிய பிறகும் கட்டாயம், விசா புதுப்பிக்கவும் கட்டாயம். அவளுடைய கணவனுக்கு இங்கே ஒரு தடவைகூட யாரும் ஊசி குத்தவில்லை. தேடிய இடத்தில்தான் கிடைக்கும். அவளைத் தேடினார்கள், அவளிடம் கண்டார்கள். ஊர் முழுக்க ஆண்களைத் தேடியிருந்தால் அந்த விகிதம் அன்றைக்கே மாறியிருக்கும்.

இப்போது எங்கள் வெள்ளைக்கு வருகிறேன். 2012 கணக்கெடுப்பின்படி திருகோணமலை மாவட்டத்தில் 3 இலட்சத்து 79 ஆயிரத்துச் சொச்சம் பேர். கொழும்பு மாவட்டத்தில் 23 இலட்சம். கொழும்பு கறுத்திருப்பதில் முதல் பங்கு ஆள்தொகைக்கு. அதனால் பதிவு எண்ணிக்கையைத் தீட்டாமல் இலட்சம் பேருக்கு எத்தனை என்று மாற்றித் தீட்டுங்கள். மாற்றும்போது சின்ன மாவட்டங்களில் வேறொரு ஆபத்து வரும். பேச்சுக்கு ஒரு கணக்கு: இங்கே ஒரு வருஷம் ஒருவர் பதிவாகிறார் என்று வைத்தால் இலட்சத்துக்கு 0.26. அடுத்த வருஷம் மூன்று பேர் என்றால் 0.79. "திருகோணமலையில் எச்.ஐ.வி. மூன்று மடங்கு" என்று அடுத்த நாள் யாராவது தலைப்புப் போட்டுவிடுவார்கள். இரண்டு பேர் வித்தியாசம்! அவர்கள் ஒரே குடும்பத்துக் கணவன் மனைவியாகக்கூட இருக்கலாம். சின்ன மாவட்டங்களுக்கு மூன்று அல்லது ஐந்து வருஷத்தைச் சேர்த்து ஒரு நிறம் கொடுப்பதுதான் நியாயம்.

அடுத்தது, எங்கே பதிவாகிறார்கள் என்பது. பெரியாஸ்பத்திரியோடு சேர்ந்து பாலியல் நோய் கிளினிக் இங்கேயே இருக்கிறது. ஆனால் டவுனில் ஒருவர் அந்த வாசலில் ஏறினால் வரிசையில் நிற்கும் பத்துப் பேரில் இரண்டு பேர் சொந்தக்காரராக இருப்பார்கள். அதனால் இரவு பஸ் ஏறிக் கொழும்புக்குப் போய், டி சேரம் பிளேசில் உள்ள மத்திய கிளினிக்கில் இரத்தம் கொடுப்பவர்கள் உண்டு. அங்கே வேலை செய்பவர், அங்கே படிப்பவர் என்றால் சொல்லவே வேண்டாம். கொழும்பு முகவரியே கொடுப்பார்கள். அந்தப் புள்ளி அங்கே கறுப்பாகும், இங்கே வெள்ளையாகும். மறுபக்கம் கடற்படை முகாமிலும் நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களிலும் வேலை செய்பவர்கள் பலர் வேறு மாவட்டத்தார். அவர்கள் இங்கே கண்டறியப்பட்டால் எந்த மாவட்டத்தில் நிறம் ஏறும்? நீங்கள் எடுத்த அட்டவணை கண்டறிந்த இடத்தின்படியா, வசிப்பிடத்தின்படியா என்று முதலில் பாருங்கள். வரைபடத்தின் அடியில் அதைச் சொல்லாமல் விடக்கூடாது. தொற்று எங்கே நேர்ந்தது என்பதை இரண்டுமே சொல்லாது.

போர்க்காலத்து வருஷங்களைப் பற்றி நான் நேரில் கண்டதைச் சொல்கிறேன். 1990களிலும் அதற்குப் பிறகும் எங்கள் ஆய்வுகூடத்தில் முதல் சோதனையில் சந்தேகம் வந்த இரத்தத்தை உறுதிப்படுத்தக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்புவோம். பாதை மூடினால் அனுப்ப முடியாது. கிண்ணியாவுக்குப் பாலம் 2009இல்தான் வந்தது. அதற்கு முன் பாதைப் படகு, அதற்கு முன்னும் பின்னும் சோதனைச் சாவடி. மூதூரில் இருந்து ஒரு கர்ப்பிணி டவுனுக்கு வந்து சேர்வதே ஒரு நாள் வேலை. 2006இல் மூதூர்ச் சனம் முழுக்க இடம்பெயர்ந்து கந்தளாய் முகாம்களில் கிடந்தபோது யார் யாருக்கு இரத்தம் எடுத்தார்கள்? நாடு தழுவியது என்ற பெயரோடு 2000இல் நடந்த மக்கள்தொகை, சுகாதார ஆய்வே வடக்கையும் கிழக்கையும் விட்டுவிட்டுத்தான் நடந்தது. ஆகவே 2009க்கு முந்திய உங்கள் வரைபடங்களில் எங்கள் மாவட்டத்துக்கு வெள்ளை நிறம் கொடுப்பது சரியில்லை. சாய்கோடு போட்டு "போதிய சோதனை நடக்கவில்லை" என்று எழுதுங்கள். தெரியாததற்கு ஒரு நிறம் வேண்டும். அது பூச்சியத்தின் நிறமாக இருக்கக்கூடாது.

வெள்ளையை நம்பினால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு தூர தேசத்துக் கதை இருக்கிறது. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ஸ்கொட் என்ற சின்ன மாவட்டம். சனத்தொகை இருபத்து நாலாயிரம் அளவில், எங்கள் பெரிய பிரதேசச் செயலகப் பிரிவு ஒன்றைவிடக் குறைவு. வருஷத்துக்கு ஐந்து பேர்கூட எச்.ஐ.வி. என்று பதிவாகாத இடம். மாநில வரைபடத்தில் பளிச்சென்ற வெள்ளை. அங்கே எச்.ஐ.வி. சோதித்து வந்த ஒரே நிலையம் 2013இல் மூடப்பட்டது. நோயில்லாத இடத்தில் யார் கவலைப்படுவார்? அதே காலத்தில் வலிமாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றும் பழக்கம் அங்கே காட்டுத்தீயாகப் பரவியிருந்தது, ஒரே ஊசி பல கைகளுக்கு மாறியது. 2014 கடைசியில் சிலருக்குத் தொற்று தெரியவந்தது. ஒவ்வொருவரிடமும் யாரோடு ஊசி பகிர்ந்தார் என்று கேட்டுத் தேடிக்கொண்டு போனார்கள். ஒரு வருஷத்துக்குள் 181 பேர். வைரஸின் மரபணுவை எடுத்து ஒப்பிட்டபோது கிட்டத்தட்ட எல்லாம் ஒரே வேரில் இருந்து அண்மையில் கிளைத்தவை என்று தெரிந்தது. சுத்தமான ஊசி கொடுக்கும் திட்டத்துக்கு 2015 மார்ச்சில்தான் மாநிலம் வழிவிட்டது. நெருப்பு பற்றி எரிந்தபின் கிணறு வெட்டிய கதை. ஊசி எங்கள் பக்கத்தில் பெரிய வழி இல்லை என்பது உண்மை, ஆனால் ஐஸ் என்கிற போதையும் மற்றதுகளும் இளம் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்திருக்கிற இந்தக் காலத்தில் அந்தக் கதையைத் தள்ளி வைக்க எனக்கு மனம் வரவில்லை. வெள்ளை மாவட்டத்தில் சோதனையைக் குறைப்பது கண்ணை மூடிக்கொண்டு கடலில் இறங்குவது.

அப்படியென்றால் வெள்ளை உண்மையா பொய்யா என்று அறிய வழியே இல்லையா? இருக்கிறது. இரண்டு எண்களைத் தேடுங்கள். ஒன்று, எத்தனை பேரைச் சோதித்து இத்தனை பேர் கிடைத்தார்கள் என்பது. பத்தாயிரம் பேரைச் சோதித்து ஒருவர் கிடைத்த மாவட்டமும் நூறு பேரைச் சோதித்து ஒருவர் கிடைத்த மாவட்டமும் உங்கள் வரைபடத்தில் ஒரே நிறம். அவை இரண்டும் வேறு உலகங்கள். அந்தப் பத்தாயிரமும் கர்ப்பிணிகளும் இரத்ததானம் செய்தவர்களுமாக இருந்தால் அது ஆபத்துக் குறைந்த கூட்டத்தைப் பற்றி மட்டும்தான் பேசும் என்பதையும் மறக்கக்கூடாது. இரண்டாவது, கண்டறியும் நேரத்தில் சீ.டீ.4 எவ்வளவு என்பது. அது உடம்பின் காவல் அணுக்களின் எண்ணிக்கை. ஆரோக்கியமான ஆளுக்கு ஐந்நூறுக்கு மேல் இருக்கும், தொற்றுப் பழசாகப் பழசாக இறங்கும். 350க்குக் கீழே என்றால் பிந்திக் கண்டறிந்ததாகக் கொள்வார்கள், 200க்குக் கீழே என்றால் நோய் முற்றிவிட்டது. ஒரு மாவட்டத்தில் கிடைப்பவர்கள் கொஞ்சப் பேர், ஆனால் அநேகமாக எல்லாரும் 200க்குக் கீழே, காசநோயோடு வார்டில் படுத்த பிறகு தெரிய வந்தவர்கள் என்றால், அந்த மாவட்டத்தில் தெரியாமல் நடமாடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கிடைப்பவர்களின் சீ.டீ.4 எண் 500, 600 என்று இருந்தால் தேடல் நன்றாக நடக்கிறது என்று மனம் ஆறலாம். இந்தச் சீ.டீ.4 எண்களைக் கொண்டுதான் நிபுணர்கள் பின்னோக்கிக் கணக்குப் போட்டு எந்த வருஷத்தில் எத்தனை பேருக்குத் தொற்றியிருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். உலகம் முழுக்க நாடுகள் பாவிக்கும் ஸ்பெக்ட்ரம் என்ற கணினிக் கணக்கிலும் சோதனை, மருந்து, சாவு எல்லாம் சேர்த்துத்தான் அந்த வளைகோடு கீறப்படுகிறது. உங்களுக்கு அந்தக் கணிதம் தேவைப்படாது. ஆனால் கண்டறியும் நேரத்துச் சீ.டீ.4 நிறத்தில் ஒரு சின்ன வரைபடம் பக்கத்தில் வைத்தால் பெரிய வரைபடம் தானே பேசத் தொடங்கும்.

கடைசியாக ஒன்று. மாவட்டத்துக்குக் கீழே இறங்கிப் பிரதேசச் செயலகப் பிரிவு வாரியாகத் தீட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். குச்சவெளி, வெருகல், சேருவில, தம்பலகாமம் என்று தனித்தனியாகக் காட்டினால் பார்ப்பவர்களுக்கு நெருக்கமாக இருக்கும் என்பது உங்கள் நினைப்பு. நல்ல நோக்கம்தான், தெரியும்.

பல வருஷத்துக்கு முன்னர் ஒரு சின்ன ஊரில் நடந்தது. எந்த ஊர், எந்தக் கிளினிக் என்று சொல்லமாட்டேன். ஒரு தாயின் கோப்பில் மட்டும் வேறு நிறத்தில் ஒரு ஒட்டு ஒட்டியிருந்தார்கள். பெயர் இல்லை, நோயின் பெயரும் இல்லை. வெறும் நிறம். வரிசையில் பின்னால் நின்ற ஒருவருக்கு அது போதுமாக இருந்தது. ஒரு மாதத்துக்குள் அந்தத் தாயின் மூத்த மகனைப் பள்ளிக்கூடத்தில் தனி வாங்கில் இருத்தினார்கள், அவளுடைய கணவனிடம் மீன் வாங்குவதை நிறுத்தினார்கள். அவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனார்கள். மருந்து எடுக்கவும் அந்தக் கிளினிக்குக்குத் திரும்பி வரவில்லை. அடுத்த இரண்டு வருஷம் அந்த ஊரில் இருந்து தானாக வந்து இரத்தம் கொடுத்தவர் ஒருவர்கூட இல்லை. வரைபடத்தில் அந்த ஊர் வெள்ளையாகவே இருந்திருக்கும். அந்தக் குழாயைச் சோதித்தவன் நான், அதனால் இதை மறக்க முடியவில்லை.

எங்கள் பிரிவுகள் சில பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் பேர் உள்ளவை. அதில் ஒரு புள்ளி என்றால் அது ஒரு ஆள், ஒரு வீடு. ஐந்துக்குக் குறைவான எண்ணைப் பகிரங்கமாகக் காட்டாமல் விடுவது கண்காணிப்பு வேலையில் பல நாடுகளில் உள்ள வழக்கம். பிரிவு வாரியான அட்டவணை உங்கள் கையில் இருந்தால் அதைக் கண்காட்சிக்குக் கொண்டுபோக வேண்டாம், கைத்தொலைபேசியில் படம் எடுக்கவும் விட வேண்டாம். மாவட்டத்தோடு நிறுத்துங்கள். மிஞ்சிய இடத்தில் பெரியாஸ்பத்திரிப் பாலியல் நோய் கிளினிக் எந்தெந்த நாள், எத்தனை மணிக்குத் திறந்திருக்கும் என்று அவர்களிடமே கேட்டுப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். சோதனைக்குக் காசு இல்லை, பெயர் வெளியே போகாது என்பதை அதற்கு மேலே எழுதுங்கள்.